கணினித் திரையிலே ஏவலும் வியங்கோளும்

கற்பிட்டித் தீபகற்பத்திலே, ஒரு புறம் கடலும் மறுபுறம் களப்பும் மாறி மாறிக் காற்று வீசும் ஆலங்குடாவில், விடுமுறை நாட்களிற் சில பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக் கொடுப்பது என் வழக்கம். ஊர்ப் பிள்ளைகளோடு, 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இப்பகுதியிற் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளும் அவ்வகுப்புக்கு வருவர். சென்ற ஆண்டு எங்களுக்குப் பழைய கணினிகள் நான்கு கிடைத்தன. ஓர் அலுவலகத்தார் கழித்துவிட்டவை அவை. புதிய பணிசெயல் முறைமைகளைச் சுமக்க அவற்றுக்கு வலுவில்லை. விலை கொடுத்து வாங்க எங்களுக்கும் வலுவில்லை. என்னிடம் முன்னர்ப் படித்த இளைஞன் ஒருவன் அவற்றில் லினக்ஸ் முறைமையை இட்டு, மொழியைக் கேட்டவிடத்துத் தமிழைத் தெரிந்து வைத்துவிட்டு, “சேர், இனி இது தமிழில் பேசும்” என்று சொல்லிப் போனான்.

பேசியது உண்மை. மறுநாள் ‘கடிதம்’ என்று பெயரிட்டிருந்த கோப்பொன்றை நீக்க முற்பட்டபோது திரையில் எழுந்த வினா இது: “கடிதம்-ஐ அழி?”

பிள்ளைகள் சிரித்தனர். ஒரு மாணவி, “அத்துச்சாரியை எங்கே, சேர்?” என்று கேட்டாள். அவ்வினாவிலே எனக்கு மகிழ்ச்சிதான். ஆயின் அவளருகே இருந்த பையன் வினா எதுவும் கேட்கவில்லை. சுட்டியை நான்கு முறை அழுத்தி மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டான். “இங்கிலிஷில் என்றால் விளங்கும், சேர்” என்றான். அவனுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. வராத ஆங்கிலமே, வந்த தமிழைவிட விளங்குகிறது என்று ஒரு சிறுவன் சொன்ன சொல் என்னைப் பல நாள் உறங்க விடவில்லை.

(லினக்ஸ் என்று எழுதுவதா, இலினக்சு என்று எழுதுவதா என்னும் வழக்கை இன்று நான் எடுக்கப் போவதில்லை. பிள்ளைகள் வாயில் வருவதை எழுதியிருக்கிறேன்.)

இம்முறைமையின் வரலாறு பலர் அறிந்ததே. பின்லாந்து நாட்டில், எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் 1991 இல் இதன் கருவை எழுதி உலகத்தார் முன் வைத்தார். அதற்கு முன்னரே, 1983 இல், ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர், எவரும் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமையுள்ள நிரல்களை ஆக்கும் முயற்சியைத் தொடங்கியிருந்தார். இரண்டும் கூடின. இன்று மூலநிரல் திறந்தே கிடக்கிறது; பிழை கண்டவர் முறையிடலாம்; கற்றவர் தாமே திருத்தி அனுப்பலாம். 2000 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலேயே தமிழ் இளைஞர் சிலர், கே.டி.ஈ., குனோம் என்னும் திரைச் சூழல்களின் சொற்களை ஒவ்வொன்றாகத் தமிழாக்கத் தலைப்பட்டனர். இவர்களுட் பெரும்பாலோர் கூலி பெற்றவர் அல்லர். பகலில் வேறு தொழில் பார்த்து, இரவில் விழித்திருந்து, பல்லாயிரம் வரிகளைப் பெயர்த்தனர். அவர்கள் தமிழில் நான் குற்றம் காண்பதாக எவரும் கொள்ளலாகாது. குற்றம் எங்கே என்பதைப் பின்னர்ச் சொல்வேன்.

முதலில் அந்தக் ‘கடிதம்-ஐ’. ஆங்கில வாக்கியத்தில் நிரலாளர் ஓரிடத்தை வெற்றிடமாக விட்டுவைப்பார். கோப்பின் பெயர் அங்கே வந்து விழும். ஆங்கிலத்திற் பெயர் எங்கே விழுந்தாலும் உருமாறுவதில்லை. தமிழிலோ பெயர் வேற்றுமையை ஏற்கும்போது உருத்திரியும். மரம் மரத்தை ஆகும், வீடு வீட்டை ஆகும், பசு பசுவை ஆகும். வெற்றிடத்தில் வரப்போவது மரமா வீடா பசுவா என்று அறியாத மொழிபெயர்ப்பாளர் ஒரு சிறு கோடிட்டு ‘ஐ’ உருபை ஒட்டிவிடுகிறார். வேறென் செய்வார்?

செய்வதற்கு ஒன்றுண்டு, அதனை நன்னூல் படித்த எவரும் சொல்லலாம். உருபைப் பெயரின்மேல் ஏற்றாமல், பெயருக்குப் பின் ஒரு பொதுப்பெயரை நிறுத்தி, அதன்மேல் ஏற்றுக. “‘கடிதம்’ என்னும் கோப்பை நீக்கலாமா?” எனின், கோப்பின் பெயர் எதுவாயினும் வாக்கியம் வழுவாது. ‘கடிதம் என்னும் கோப்பிலிருந்து’, ‘கடிதம் என்னும் கோப்புக்கு’ என்று எல்லா வேற்றுமைக்கும் இவ்வொரு வழியே போதும். இருபெயரொட்டை விரித்துச் சொல்லும் நம் பழைய முறைதான். நிரலில் ஓரெழுத்தும் மாற்ற வேண்டியதில்லை.

எண்ணிலும் இவ்வாறே. ஒன்றாயிருந்தும் ‘1 கோப்புகள்’ என்று காட்டும் திரைகளைக் கண்டிருக்கிறேன். ஒருமைக்கும் பன்மைக்கும் தனித்தனி வடிவம் எழுத லினக்ஸ் கருவிகளில் இடமுண்டு. அது மறந்துபோயினும் தமிழுக்கு வேறொரு புகலிடம் இருக்கிறது: அஃறிணைக்குக் ‘கள்’ விகுதி கட்டாயம் அன்று. ‘1 கோப்பு’, ‘10 கோப்பு’ என்றால் இலக்கணமும் ஏற்கும், எங்கள் மீன் வாடிக் கணக்கப்பிள்ளையும் ஏற்பார்.

அடுத்தது ‘அழி’ என்னும் சொல். இங்கேதான் எனக்கும் என் நண்பரான ஆசிரியர் ஒருவருக்கும் நெடிய விவாதம் மூண்டது. திற, மூடு, அழி, சேமி என்று திரை முழுவதும் ஏவலாக இருப்பது மரியாதைக் குறைவு என்றும், யாவற்றையும் ‘திறக்கவும்’, ‘மூடவும்’ என்று மாற்றவேண்டும் என்றும் அவர் வாதித்தார். நான் உடன்படவில்லை. பொத்தானிலே எழுதியிருப்பது யாருடைய கூற்று? அதை அழுத்துபவன் கூற்று. அவன் இயந்திரத்தை ஏவுகிறான். இயந்திரத்துக்கு மரியாதைப் பன்மை எதற்கு? ‘திற’ என்பதே சரி. ஆனால் ‘உங்கள் பெயரை எழுது’ என்று திரை கேட்குமாயின் அது இயந்திரத்தின் கூற்று, கேட்கப்படுபவர் மனிதர். அங்கே ‘எழுதுக’ என வியங்கோள் வரவேண்டும். கூறுவோன் யார், கேட்போன் யார் என்று வகுத்து வினைமுற்றை அமைப்பது நமக்குப் பிள்ளைப் பாடம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவம். மேலும், ஆங்கிலத்தில் ‘ஓப்பன்’ என்பது ‘திற’ என்ற ஏவலாகவும் ‘திறந்துள்ள’ என்ற அடையாகவும் நிற்கும். மொழிபெயர்ப்பாளர் முன் வருவதோ தனிச் சொற்களின் நெடும்பட்டியல். எந்தச் சொல் பொத்தானில் நிற்பது, எது அறிவிப்பில் நிற்பது என்று பலவேளை அவருக்குத் தெரியாது. மொழிபெயர்ப்புக்குப் பயன்படும் கெட்டெக்ஸ்ட் என்னும் கருவியில், சொல்லுக்கருகே அதன் இடத்தைக் குறித்துவைக்க வசதி இருக்கிறது. நிரலாளர் அதை நிரப்பிக் கொடுத்தால் போதும். ‘இது பொத்தான்’, ‘இது பயனருக்குச் சொல்வது’ என்ற இரண்டொரு சொல், ஒரு மொழியின் வினைமுற்றுக்களைக் காப்பாற்றிவிடும்.

இனி எழுத்து. பிள்ளைகள் தட்டச்சிட்டு வைத்த கட்டுரைகளில் ஔவையாரைத் தேடினேன். மூன்று வந்தன. ஏழு பேர் எழுதியது எனக்குத் தெரியும். மற்ற நான்கையும் திறந்து பார்த்தால் அங்கேயும் ஔவையார் இருக்கிறார். கண்ணுக்கு வேறுபாடே தெரியவில்லை. பின்னர்தான் விளங்கியது: அந்நால்வரும் ஔ என்னும் ஓரெழுத்தை இடாமல், ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டிருந்தனர். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. வாசித்துக் காட்டும் நிரலொன்று அம்மூதாட்டியை ‘ஒ-ள-வையார்’ என்று அழைத்தபோது வகுப்பு முழுவதும் சிரித்தது. கௌ என்பதற்கும் கெள என்பதற்கும் இதே கதி. இதிற் பாதிக் குற்றம் நம் வரிவடிவத்தினுடையது. ஔகாரத்துக்கு ளகரத்தின் உருவத்தைக் கடன் கொடுத்தவர் நாமே. எனினும் தேடுபொறி இரண்டையும் ஒன்றாகக் கொண்டு தேடித் தருவதும், தட்டச்சிடும்போதே பிழைக்கோடு இட்டுக் காட்டுவதும் பெரிய காரியம் அல்ல. ‘ஸ்ரீ’ க்கும் இப்படி இரு பிறப்பு உண்டு. சகரப் பிறப்பாகிய ஶகரம் 2005 இல் ஒருங்குறியிற் சேர்ந்தபின், அதைக் கொண்டு அமைப்பதொன்று, ஸகரத்தைக் கொண்டு அமைப்பதொன்று என இரண்டாயிற்று.

அகரவரிசையைப் பற்றிச் சொன்னால் ஆசிரியர்களுக்குச் சினம் வரும். கவி, கழி, களி, கறி, கனி என்னும் ஐந்து சொற்களையும் அகராதி முறைப்படி எழுதியிருக்கிறேன். ஒருங்குறியின் எண் வரிசைப்படி அடுக்கும் நிரலிடம் இவற்றைக் கொடுத்தால் கனி, கறி, களி, கழி, கவி என்று தலைகீழாகத் தரும். ஒன்றுகூடத் தன் இடத்தில் இராது, நடுவே நின்ற ‘களி’யைத் தவிர. காரணம் வேடிக்கையானது. ஒருங்குறி, இந்திய அரசு 1988 இல் வகுத்த இஸ்கி என்னும் குறியேட்டைப் பின்பற்றியது. அதில் எல்லா இந்திய மொழிகளுக்கும் ஒரே வரிசை. னகரம் நகரத்தின் பக்கத்திலும், றகரம் ரகரத்தின் பக்கத்திலும், ளகர ழகரங்கள் லகரத்தின் பக்கத்திலும் இருத்தப்பட்டன. நம் நெடுங்கணக்கில் இறுதியில் நிற்கும் நான்கும் அயலவர் வீட்டில் விருந்தாளிகளாயின. புள்ளியும் அக்குறியேட்டில் உயிர்க்குறிகளுக்குப் பின்னே நிற்பதால் ககர மெய், ககர உயிர்மெய்க்குப் பின்னே தள்ளப்படுகிறது. லினக்சில் இடத்துக்கும் மொழிக்கும் ஏற்ற வரிசை அட்டவணைகள் உண்டு. இலங்கைத் தமிழுக்கெனத் தனி அமைப்பும் உண்டு. நிரல் எழுதுவோர் எண்ணைப் பாராமல் அந்த அட்டவணையைக் கேட்டு அடுக்கினால் மாணாக்கர் பெயர்ப்பட்டியலை நான் கையால் திருத்த வேண்டியிராது.

விசைப்பலகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இலங்கைத் தட்டச்சாளர் பழகிய ரங்கநாதன் முறை லினக்சில் இருக்கிறது; 1999 இல் சென்னை மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 முறையும் இருக்கிறது. ஆனால் நீண்ட பட்டியலின் நடுவே உரோம எழுத்துக்களில் ஒளிந்திருக்கின்றன. முறைமையை நிறுவும்போதே ‘தமிழ், இலங்கை’ என்று தெரிந்தவருக்கு அவற்றைத் தமிழ்ப் பெயரோடு முன்வைத்தால் என்ன?

பின்னோக்கி அழிக்கும் விசையை மட்டும் நான் பாராட்டுவேன். ‘கி’ என்று எழுதி அதை ஒருமுறை அழுத்தினால் இகரக்குறி நீங்கிக் ககரம் மட்டும் நிற்பதுண்டு. முழு எழுத்தும் ஒருங்கே போகவேண்டும் என்று சிலர் குறைகூறுகின்றனர். உயிர்மெய் இரண்டன் கூட்டம் என்பதைக் கரும்பலகையில் எத்தனை முறை விளக்கியிருப்பேன்! விரலால் அறிந்ததைப் பிள்ளைகள் மறப்பதில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

“இவையெல்லாம் அற்பம், பிள்ளைகள் ஆங்கிலத்திலே பழகினால் உத்தியோகத்துக்கு உதவும்” என்பார் உளர். ஆங்கிலம் கற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பகுதியிலிருந்து தெற்கே கடலோரமாகச் சிலாபம், நீர்கொழும்பு வரை சென்று பாருங்கள். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலே தமிழில் வழிபட்டு, தமிழில் கணக்கெழுதிய எத்தனையோ குடும்பங்களில் இன்று பாட்டிக்கு மட்டுமே தமிழ் தெரியும். பள்ளியில் ஒன்று, அலுவலகத்தில் ஒன்று, கடைப்பற்றில் ஒன்றாகத் தமிழ் பயன்படாத இடங்கள் பெருகின. மொழி வீட்டுக்குள் ஒடுங்கிற்று. பின் வீட்டினின்றும் போயிற்று. சுட்டியை நான்கு முறை அழுத்திய அந்தப் பையனிடம் நான் கண்டது இதைத்தான். எகர ஏகார வேறுபாட்டை வரிவடிவிலே தெளிவாக்கியவர் என்று வீரமாமுனிவரை இன்றும் போற்றுகிறோம். அவர் செய்ததாகச் சொல்லப்படுவது கொம்பைச் சற்றே சுழித்தது, அவ்வளவே.

குற்றம் எங்கே என்பதைச் சொல்வதாகக் கூறினேன். இளைஞர்கள் தமிழாக்கத் தொடங்கிய நாளில் நமக்குச் சொல்லாமலா தொடங்கினர்? இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கதவு திறந்தே கிடக்கிறது. பொறியியல் கற்றவர் வந்தார், நாம் போகவில்லை. சாரியையும் வேற்றுமையும் வியங்கோளும் அறிந்த நாம், கழகக் கூட்டங்களிற் கலைச்சொல் தூயதா அன்றா என்று வாதிட்டுக்கொண்டிருந்தோம். என்னையும் சேர்த்தே சொல்கிறேன். சென்ற ஆண்டுவரை அந்தப் பக்கத்தை நான் எட்டிப் பார்த்ததில்லை.

இப்போது விடுமுறை வகுப்பில் ஒரு பயிற்சிப் புத்தகம் வைத்திருக்கிறோம். திரையிற் கண்ட வழுவை இடப்பக்கத்திலும், திருத்தத்தை வலப்பக்கத்திலும் பிள்ளைகள் எழுதுவர். அந்தப் பையனும் எழுதுகிறான். நாற்பது வாக்கியம் சேர்ந்ததும் என் பழைய மாணவன் அவற்றை மொழிபெயர்ப்புக் குழுவினர்க்கு அனுப்பினான். மூன்று வாரத்தில் மறுமொழி வந்தது. பெரும்பாலானவற்றை ஏற்றுக்கொண்டு, ஒன்றில் மட்டும் ஐயம் எழுப்பியிருக்கிறார்கள். “‘கடிதம்’ என்னும் கோப்பு” என்பதா, “‘கடிதம்’ என்ற கோப்பு” என்பதா? பெயரிட்டு முடிந்த கோப்பாதலின் இறந்தகாலமே பொருந்தும் என்பது அவர்கள் கட்சி. இயல்பை உணர்த்துமிடத்துச் ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டுப் பெயரெச்சமே சிறப்பு என்பது என் கட்சி. பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்திருக்கிறார்கள். மறுமொழி இன்னும் எழுதவில்லை.