காலையில் வெயில், மதியம் இடி... மலையில் எப்போது நடப்பது பாதுகாப்பு?

"தாண்டிக்குடி பக்கம் காபி, மிளகு, மலைவாழை சாகுபடி செய்கிறோம். தோட்டத்துக்கு வரும் விருந்தினர்களை, எங்கள் நிலத்தை ஒட்டிய மலைப்பாதையில் நடக்க அழைத்துச் செல்வோம். போன சித்திரையில் காலையில் நல்ல வெயில். மதியம் திடீரென இடி மழை பிடித்துக்கொண்டது. ஓடையைத் தாண்ட முடியாமல் குழந்தைகளோடு இரண்டு மணி நேரம் இக்கரையிலேயே நின்றோம். செல்போனில் 'லேசான மழை' என்றுதான் காட்டியது. மலை வானிலையை எப்படித் தெரிந்துகொள்வது?"

- வாசகர், திண்டுக்கல் மாவட்டம்.

ஓடையைத் தாண்டாமல் நின்றதுதான் அன்று நடந்த சரியான காரியம். முழங்கால் அளவு தண்ணீர்தானே என்று இறங்கியிருந்தால், அதன் வேகம் பெரியவர்களையே புரட்டிப் போட்டிருக்கும்.

செல்போனில் காட்டும் முன்னறிவிப்பு பெரும்பாலும் அருகிலுள்ள ஊருக்கோ, பல கிலோமீட்டர் பரப்புக்கோ பொதுவாகச் சொல்லப்படுவது. மலையில் ஒரு சரிவில் கொட்டும் மழை, அடுத்த சரிவில் தூறலாகக்கூட இருக்காது. 2019 ஆகஸ்டில் நீலகிரி மாவட்டம் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ-க்கும் அதிகமாக மழை கொட்டியது. அதே நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருக்கும் கோத்தகிரி, தென்மேற்குப் பருவமழையின் மறைவுப் பகுதி. எனவே, மாவட்டத்துக்கான முன்னறிவிப்பை எச்சரிக்கையாக மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை மலையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சித்திரை, வைகாசியில் காலை வெயிலில் சரிவுகள் சூடாகும். ஈரக்காற்று சரிவோடு மேலேறிக் குளிர்ந்து மேகமாகும். மதியத்துக்குள் அந்த மேகம் காலிஃபிளவர் போலக் குவிந்து உயரும். அடிப்பகுதி கறுத்தால் இடி மழை நெருங்கிவிட்டது என்று பொருள். அதனால் காலையில் வானம் தெளிவாக இருப்பதை வைத்து அந்த நாள் முழுவதையும் எடைபோடக் கூடாது. இந்த மாதங்களில் விடிந்ததும் கிளம்பி, 12 மணிக்குள் தோட்டத்துக்குத் திரும்பிவிட வேண்டும். 10 மணிக்கே மேகம் உயர்ந்து வளர்ந்தால், பாதி வழியாக இருந்தாலும் திரும்புவதே நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது, எந்த நேரத்திலும் மழை வரலாம். அப்போது ஓடையைத் தாண்டும் பாதைகளையே தவிர்த்துவிடுங்கள்.

ஓடைக்கு, தலைக்கு மேல் பெய்யும் மழை மட்டும் கணக்கில்லை. பெரியகுளம் அருகிலுள்ள கும்பக்கரை அருவியில் வெயில் அடிக்கும்போதே, மேலே கொடைக்கானல் மலையில் பெய்த மழையால் வெள்ளம் வந்து, வனத்துறை குளிக்கத் தடை போடுவதுண்டு. தெளிந்த ஓடை திடீரெனக் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, தண்ணீரின் இரைச்சல் கூடினாலோ உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். வெள்ளம் வடியும்வரை காத்திருப்பதுதான் வழி.

மின்னலைப் பார்த்ததும் நொடிகளை எண்ணுங்கள். இடியோசை ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 நொடிகள் ஆகும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 நொடிகளுக்குள் இருந்தால், மின்னல் 10 கி.மீ தூரத்துக்குள் இருக்கிறது. உச்சியிலும் மலைமுகட்டிலும் நிற்காமல் உடனே இறங்க வேண்டும். மிளகுக் கொடி ஏற்றிய உயரமான சில்வர் ஓக் மரத்தடி, பக்கச்சுவர் இல்லாத தகரக் கொட்டகை, கம்பி வேலி ஓரம் ஆகியவை ஒதுங்கக் கூடாத இடங்கள். கான்கிரீட் வீடு அல்லது கண்ணாடி ஏற்றிய கார்தான் பாதுகாப்பு. கடைசி இடி கேட்ட பிறகு 30 நிமிடங்கள் கழித்தே வெளியில் வர வேண்டும்.

அடுத்தது குளிர். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறையும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் போனால் 11, 12 டிகிரி குறைந்துவிடும். சமவெளியிலிருந்து பருத்திச் சட்டையோடு வருபவர் மழையில் நனைந்து, காற்றிலும் நின்றால் உடல்சூடு வேகமாக இறங்கும். நடுக்கம், பேச்சுக் குழறல், கால் தடுமாற்றம் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். ஈர உடையை மாற்றி, உலர்ந்த கம்பளியால் போர்த்தி, நினைவு தெளிவாக இருந்தால் சூடாகக் குடிக்கக் கொடுத்து, 108-ஐ அழையுங்கள். ஆளுக்கொரு மழைக்கோட்டும், பிளாஸ்டிக் பையில் கட்டிய ஒரு மாற்றுச் சட்டையும் எடுத்துச் செல்வது அவசியம்.

மூடுபனி இறங்கினால் குறுக்குவழி தேடக் கூடாது. எல்லோரும் ஒரே இடத்தில் நின்று, பாதை தெரிந்த பிறகு நகர வேண்டும். பனிக்குள் காட்டுமாடு பத்தடியில் நின்றாலும் தெரியாது.

மாசி, பங்குனியில் மழையைவிடத் தீதான் பெரிய ஆபத்து. 2018 மார்ச் 11-ம் தேதி, தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைபயணம் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல் உள்ள சரிவில் தீ மேல்நோக்கி, மனிதர் ஓடுவதைவிட வேகமாக ஏறும். புல் காய்ந்து காற்று பலமாக வீசும் நாள்களில் சரிவுப் பாதை வேண்டாம். காப்புக்காட்டு எல்லைக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் எப்போதும் அழைத்துச் செல்லக் கூடாது.

கிளம்பும் முன், இந்திய வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட எச்சரிக்கையைப் பாருங்கள். ஆரஞ்சு, சிவப்பு என்றால் அன்று நடை வேண்டாம். மஞ்சள் என்றால் தோட்டத்துக்குள் மட்டும் சுற்றிக்காட்டலாம். மின்னலுக்கு 'தாமினி' செயலி உதவும். மேலே சிக்னல் கிடைக்காமல் போகலாம் என்பதால், எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் எழுதிவைத்துவிட்டுக் கிளம்புங்கள். குறித்த நேரத்துக்குள் வராவிட்டால், வீட்டில் இருப்பவர்கள் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணில் அழைக்கலாம்.

'மேகம் ஏறினால் திரும்பிவிடுவோம்' என்பதை விருந்தினர்களிடம் முதல் நாள் இரவே சொல்லிவிடுங்கள். பாதி வழியில் சொன்னால், இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று கேட்பார்கள். உச்சியைப் பார்க்க அவர்கள் இன்னொரு முறை வரலாம்.