"பெர்ஃபார்மன்ஸ் பிரேக்னா சத்தம் வரும் சார்": ஒரு இழை

1/ நெஞ்சுவலியை "கேஸ்தான்"னு சொல்லி சோடா குடிச்சுட்டு, விடியக்காலையில ஹார்ட் அட்டாக்கோட கேஷுவாலிட்டிக்கு வர்றவங்களைப் பார்த்துட்டே இருக்கேன். அதே அலட்சியம் கார் விஷயத்துல இப்படி வரும்: "பிரேக் அப்கிரேட் பண்ணா சத்தம் வரும் சார், பழகிடும்." இந்த ஒரு வாக்கியத்துக்கு எதிராத்தான் இந்த இழை.

2/ முதல்லயே சொல்லிடறேன். நான் எம்பிபிஎஸ். மெக்கானிக்கும் இல்ல, இன்ஜினியரும் இல்ல. ஆனா சத்தம்ங்கிறது நோய் இல்ல, அறிகுறிங்கிறது எனக்குப் புரியும். இருமல்னு வந்தவரை நெஞ்சுல ஸ்டெத் வைக்காம "சீசன் அப்படி"ன்னு அனுப்பினா என்னைத் திட்டுவீங்கல்ல? அதே கோவம் இங்கயும் வரணும்.

3/ என் கதை. முன்சக்கரத்துக்கு ஸ்லாட்டட் டிஸ்க்கும் செமி மெட்டாலிக் பேடும் போட்டேன். கொல்லிமலைக்கு குடும்பத்தோட அடிக்கடி போறவன், 70 கொண்டை ஊசி வளைவு, அதான் ஆசை. மறுநாளே பிரேக்கைத் தொட்டா "டக்". போட்ட கடையில சொன்னேன். சக்கரத்தைக் குனிஞ்சுகூட பார்க்கல. "செட் ஆகிடும் சார், 500 கிலோமீட்டர் ஓட்டுங்க."

4/ அவர் சொன்னதுல பாதி உண்மை. ஆபத்தும் அந்தப் பாதியிலதான் இருக்கு. செமி மெட்டாலிக் பேடு, செராமிக்கை விட கொஞ்சம் கீச்சிடத்தான் செய்யும். ஸ்லாட் போட்ட டிஸ்க்ல அழுத்திப் பிடிச்சா "உர்ர்"னு ஒரு இரைச்சல் வரும், வேகம் குறைய அதுவும் குறையும். ராத்திரி மழையில நின்ன கார், காலையில முதல் நாலஞ்சு பிரேக்குக்கு துரு தேயற சத்தம் கொடுக்கும். இதெல்லாம் நார்மல்.

5/ ஆனா "டக்" அந்த லிஸ்ட்ல இல்ல. எங்க ஆஸ்பத்திரி பக்கத்துல ஒரு வயசான மெக்கானிக் அண்ணன். ஜாக்கி எடுக்கறதுக்கு முன்னாடியே அஞ்சு கேள்வி கேட்டார். எப்ப வருது? பிரேக் பிடிச்சா மட்டுமா, சும்மா ஓடும்போதுமா? சூடானப்பவா, ஆறினப்பவா? எந்தப் பக்கம்? என்ன மாத்துனப்புறம்? சார், இதுக்குப் பேர்தான் ஹிஸ்டரி டேக்கிங்!

6/ அப்புறம் ரிவர்ஸ்ல மெதுவா போய் பிரேக், முன்னால வந்து பிரேக் போடச் சொன்னார். திசை மாறும் ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு "டக்". சக்கரத்தைக் கழட்டினார். கேலிப்பர் பிராக்கெட் போல்ட் ரெண்டுல ஒண்ணு வெறும் கையிலயே சுத்துச்சு.

7/ அது மலையிறக்கத்துல கழண்டிருந்தா கேலிப்பர் திரும்பி ரிம்முல இடிச்சிருக்கும். பின்சீட்ல என் பொண்ணு. அன்னிக்கு கேஷுவாலிட்டிக்கு டாக்டரா இல்ல, ஸ்ட்ரெச்சர்ல போயிருப்பேன். "பழகிடும்"னு சொன்னவர் அங்க வந்திருக்க மாட்டார்.

8/ சரி, நீங்க காதுல கேட்க வேண்டியது:
• ஓடும்போது மெல்லிய கீச், பிரேக் பிடிச்சா சில சமயம் நின்னுடும்: பேடு தேஞ்சுடுச்சுன்னு சொல்ற சின்ன இரும்புத் தகடு டிஸ்க்கைத் தொடுது. புது பேடுலயே வந்தா அதைத் தப்பா மாட்டியிருக்கலாம்.
• கரகரன்னு இரும்போட இரும்பு: வண்டியை நிறுத்துங்க. ஓட்டிட்டே கடைக்குப் போகாதீங்க.

9/
• பிரேக்கே பிடிக்காம தொடர்ந்து உரசல்: பெரிய டிஸ்க் பின்னால இருக்கற தகட்டுல இடிக்கலாம், நடுவுல கல்லு மாட்டியிருக்கலாம். பெரிய கேலிப்பர் ரிம்மையோ அதுல ஒட்டின வெயிட்டையோ உரசலாம்.
• டக், டொக்: பேடைப் பிடிக்கற கிளிப் இல்ல, இல்லன்னா போல்ட் லூஸ். ரெண்டாவது இல்லன்னு உறுதியாகற வரைக்கும் ரெண்டாவதுதான்னு வச்சுக்கங்க.

10/ இன்னொண்ணு, பெட்-இன். புது பேடும் டிஸ்க்கும் ஒண்ணுக்கொண்ணு பழக, மிதமான வேகத்துல இருந்து முழுசா நிக்காம பலமுறை வேகம் குறைச்சு, பிறகு ஆற விடணும். பேடு கம்பெனி பெட்டியில தர்ற முறைப்படி செய்யுங்க. பெட்டியைப் படிக்காம தூக்கிப் போடறது, மருந்துச் சீட்டைப் படிக்காம மாத்திரை போடற மாதிரி.

11/ இனி "வைத்தியம்" பண்ற கூட்டம். டிஸ்க்ல ஆயில் ஸ்ப்ரே அடிக்கறது, பேடு உரசற முகத்துல கிரீஸ் தடவறது. சத்தம் நிக்கும், வண்டி நிக்காது! கிரீஸ் பேடோட காதுலயும் கைடு பின்லயும் மட்டும்தான், அதுவும் பிரேக்குக்குன்னே விக்கறது. அப்புறம் ஏர் அடிச்சு பிரேக் தூசியை ஊதற தம்பிகளே, பழைய பேடு சிலதுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அது நுரையீரல்ல போய் உக்காந்தா, பல வருஷம் கழிச்சு எங்ககிட்டதான் வருவீங்க.

12/ "மெக்கானிக்குக்கு எங்க சார் நேரம்?" நியாயம்தான், தப்பு நம்ம மேலயும் இருக்கு. பார்ட்ஸுக்கு ஆயிரக்கணக்குல கொடுப்போம், லேபர்ல 200 ரூபாய்க்கு பேரம் பேசுவோம், ஒரு மணி நேரத்துல வண்டி வேணும்போம். ஓபில 2 நிமிஷத்துல பார்த்துட்டு அனுப்பச் சொன்னா எனக்கும் தப்பு நடக்கும். பார்த்து சொல்ற அறிவுக்கு காசு கொடுங்க.

13/ கேட்க வேண்டியது மூணே மூணு: சக்கரத்தைக் கழட்டிக் காட்டுங்க. டார்க் ரெஞ்ச் வச்சு இறுக்கினீங்களா? உள்பக்க பேடும் வெளிப்பக்க பேடும் சமமா தேயுதா? சமமா தேயலன்னா கைடு பின் ஒட்டிக்கிச்சான்னு பார்க்கச் சொல்லுங்க.

14/ சத்தம் நார்மலாவே இருக்கலாம். ஆனா அது பரிசோதனைக்கு அப்புறம் சொல்ற வார்த்தை. பார்க்காமலே நார்மல்னு சொல்ற உரிமை டாக்டருக்கும் இல்ல, மெக்கானிக்குக்கும் இல்ல. வண்டி ஓட்டற உங்க நண்பர்களுக்கு அனுப்புங்க. இழை முடிஞ்சது, டியூட்டிக்குப் போறேன்.