கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்ததா?

வங்கியில் கடன் வாங்கப் போனால் நான்கு பேரிடம் விசாரிக்கிறோம். வீடு வாங்கினால் வழக்கறிஞரிடம் ஓடுகிறோம். ஆனால், அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புதல் கேட்டு மருத்துவமனையில் ஒரு பாரத்தை நீட்டும்போது மட்டும், "எல்லாரும் போடறதுதானே, போடுங்கம்மா" என்று பேனாவை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். பாரம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். கையெழுத்துப் போடும் அம்மாவுக்கு அது புரிந்ததா என்று யாரும் கேட்பதில்லை. டாக்டரிடம் கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம் வேறு.

பிறகு ஏதாவது விபரீதம் நடந்துவிட்டால் நம் பேச்சு மாறுகிறது. "கையெழுத்துப் போட்டாச்சு, இனி என்ன செய்ய முடியும்? தலையெழுத்து" என்று சொல்லி, வீட்டுக்குள்ளேயே அழுது ஓய்கிறோம். கையெழுத்துக்கு முன்னால் கேட்காமல் இருப்பது ஒரு பிழை என்றால், கையெழுத்துக்குப் பின்னால் கேட்க உரிமையில்லை என்று நினைப்பது இன்னொரு பிழை. நம் நாட்டுச் சட்டம் இந்த இரண்டையும் ஏற்கவில்லை.

இதைத் தெளிவாக்கிய வழக்கு 1982-ஆம் ஆண்டு ஜூலையில் நடந்த ஒரு கார் விபத்தில் தொடங்கியது. காரில் இருந்த ஒரு பெண்ணுக்குக் கழுத்துப் பகுதியில் முதுகெலும்பு விலகியது. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். முதலில் செய்த முயற்சிகள் பலிக்காததால், அறுவைச் சிகிச்சை செய்து எலும்பைக் கம்பியால் கட்டி நிலைநிறுத்தினார்கள். அதன்பின் அவருக்குக் கைகால் அசையவில்லை. ஆகஸ்டில் செய்த இரண்டாவது அறுவையில்தான், அந்தக் கம்பி முதுகுத் தண்டை அழுத்திக்கொண்டிருந்தது தெரியவந்தது. அவர் முடங்கிப்போனார்.

அவரும் ஒப்புதல் பாரத்தில் கையெழுத்துப் போட்டவர்தான். ஆனால், உடல் முடங்கிப்போகும் ஆபத்து இருக்கிறது என்று அவருக்கு யாரும் விளக்கவில்லை. 1999-இல் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2001-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. கடைசியில் 2006-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அவருக்கே வெற்றி தந்தது. விபத்து நடந்து இருபத்து நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன.

அதுவரை நம் நீதிமன்றங்கள் 1957-இல் இங்கிலாந்தில் பிறந்த ஒரு விதியைப் பின்பற்றி வந்தன. ஒரு டாக்டர் செய்தது சரி என்று அந்தத் துறையைச் சேர்ந்த பொறுப்பான மற்ற டாக்டர்கள் ஏற்றுக்கொண்டால், அவர் கவனக்குறைவாக நடந்தார் என்று சொல்ல முடியாது. ஆபத்தை நோயாளிக்குச் சொல்வதா, வேண்டாமா என்பதையும் டாக்டர்களே முடிவு செய்தார்கள். 2006 தீர்ப்பு இதை மாற்றியது. ஓர் ஆபத்தை அறிந்தால், நோயாளியின் நிலையில் உள்ள சாதாரண மனிதர் அதைப் பொருட்படுத்துவாரா? பொருட்படுத்துவார் என்றால் டாக்டர் அதைச் சொல்லியாக வேண்டும். நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சையிலும் பழைய விதியே தொடர்கிறது என்று 2017-இல் கூட்டரசு நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆனால், ஆபத்தைச் சொல்லும் கடமையில் நோயாளியின் பார்வைதான் அளவுகோல்.

இந்தப் புதிய விதி ஆஸ்திரேலியாவில் 1992-இல் வந்த ஒரு தீர்ப்பிலிருந்து எடுக்கப்பட்டது. அந்த வழக்கில் ஒரு பெண்ணுக்குச் சிறுவயதிலிருந்தே ஒரு கண்ணில் பார்வை சரியில்லை. அந்தக் கண்ணில் அறுவை செய்தபோது, நல்ல கண்ணும் பாதிக்கப்பட்டுப் பார்வை போனது. அப்படி நடக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 14,000-இல் ஒன்று. இவ்வளவு அரிதானதை ஏன் சொல்ல வேண்டும் என்று டாக்டர் தரப்பு வாதிட்டது. ஆனால், இருக்கும் ஒரே நல்ல கண்ணைப் பற்றி அந்தப் பெண் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தார். அப்படிக் கேட்டவருக்கு அந்தச் சிறிய ஆபத்தும் பெரியதுதான் என்றது நீதிமன்றம். நாம் கேட்கும் கேள்விக்குச் சட்டத்தில் எவ்வளவு எடை இருக்கிறது என்று இதிலிருந்து புரியும்.

இங்கே ஒன்றை நியாயமாகச் சொல்லியாக வேண்டும். அறுவைக்குப் பின் வரும் எல்லாத் துன்பமும் டாக்டரின் தவறு ஆகாது. திறமையான கைகள் கவனமாகச் செய்தாலும் தையல் போட்ட இடத்தில் கிருமி தொற்றலாம், ரத்தம் கசியலாம். இதைப் பின்விளைவு என்கிறோம். வயிற்றுக்குள் பஞ்சுத் துணியை வைத்துத் தைப்பதும், வலது காலுக்குப் பதில் இடது காலைத் திறப்பதும் அந்த வகையில் சேராது. இவை நடக்கவே கூடாதவை. நம் சுகாதார அமைச்சின் நோயாளி பாதுகாப்பு இலக்குகளிலும் இந்த இரண்டுக்கும் வைத்திருக்கும் இலக்கு பூஜ்யம்தான்.

இதற்காகவே உலகச் சுகாதார நிறுவனம் 2008-இல் 19 அம்சங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. மயக்க மருந்துக்கு முன்பு, கத்தி வைப்பதற்கு முன்பு, அறையை விட்டு நோயாளி வெளியேறுவதற்கு முன்பு என மூன்று முறை நிறுத்திச் சரிபார்க்க வேண்டும். எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதைச் சோதித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அறுவைக்குப் பிந்திய மரணம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்திருந்தது. ஆகவே, தாதி வந்து உங்கள் பெயரையும் எந்தப் பக்கம் அறுவை என்பதையும் மூன்றாவது முறையாகக் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். கேட்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

சரி, கையெழுத்துக்கு முன் என்ன கேட்பது? ஐந்து கேள்விகள் போதும். இந்த அறுவை எனக்கு ஏன் தேவை? வேறு வழி இருக்கிறதா? செய்யாவிட்டால் என்ன ஆகும்? இதில் என்னென்ன ஆபத்து வரலாம், என் வயதுக்கும் என் இனிப்பு நீருக்கும் அது கூடுமா? அறுவையைச் செய்யப்போவது யார்? அப்பா, அம்மாவுக்கு மொழி புரியாவிட்டால், தமிழ் தெரிந்த தாதியையோ டாக்டரையோ வைத்து விளக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் மொழிபெயர்த்தால், பயமுறுத்த வேண்டாமே என்று ஆபத்தை விட்டுவிட்டுச் சொல்வார்கள். உடல் அவருடையது, தெரிந்துகொள்ளும் உரிமையும் அவருடையது. டாக்டர் சொன்ன பதிலைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

தவறு நடந்துவிட்டது என்ற சந்தேகம் வந்தால்? முதலில் டாக்டரிடமே விளக்கம் கேளுங்கள். பல குடும்பங்கள் வழக்குக்குப் போவது பணத்துக்காக மட்டும் இல்லை. என்ன நடந்தது என்று ஒருவரும் சொல்லாததால்தான். விளக்கம் திருப்தி தராவிட்டால், எழுத்து மூலம் புகார் கொடுங்கள். நோயாளிகளின் குறைகளைக் கேட்க ஓர் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்பது தனியார் மருத்துவமனைகளுக்கு 1998-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த கடமை. அரசாங்க மருத்துவமனை என்றால் சுகாதார அமைச்சிடம் போகலாம். டாக்டரின் நடத்தை பற்றி மலேசிய மருத்துவ மன்றத்திடம் புகார் செய்யலாம். மன்றம் அவரைக் கண்டிக்கலாம், இடைநீக்கம் செய்யலாம், பதிவிலிருந்தே நீக்கலாம். ஆனால், இழப்பீடு தராது. இழப்பீட்டுக்கு நீதிமன்றம்தான் வழி.

மருத்துவ அறிக்கை, ஸ்கேன் படங்கள், மருந்துச் சீட்டு, ரசீது எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். வழக்கறிஞர் முதலில் கேட்பது இவற்றைத்தான். அதே துறையைச் சேர்ந்த இன்னொரு நிபுணரின் கருத்தும் வேண்டும். அது இல்லாமல் வழக்கு நிற்காது. ஜெயித்தால் கிடைக்கும் தொகையில் பங்கு என்ற ஒப்பந்தத்தை நம் நாட்டுச் சட்டம் வழக்கறிஞர்களுக்கு அனுமதிப்பதில்லை. தோற்றால் எதிர்த்தரப்பின் செலவையும் ஏற்க வேண்டி வரலாம். இதையெல்லாம் முதல் சந்திப்பிலேயே பேசிவிடுங்கள்.

"தனியார் மருத்துவமனையில் டாக்டர் எங்கள் ஊழியர் இல்லை, அவர் தனி, நாங்கள் தனி" என்று நிர்வாகம் கைவிரித்தால் அதோடு திரும்பிவிட வேண்டாம். 2010-இல் தொண்டை அறுவை முடிந்து வீடு திரும்பிய ஒருவருக்கு ரத்தக் கசிவு ஏற்பட்டு, இன்னொரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவருக்கு நிரந்தர மூளைப் பாதிப்பு ஏற்பட்டது. அந்த வழக்கில் 2024 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம், நோயாளியைக் கவனிக்கும் கடமை மருத்துவமனைக்கே உண்டு, அதை டாக்டரின் தலையில் கட்டிவிட முடியாது என்று தீர்ப்பளித்தது.

இவ்வளவு உரிமையும் ஒரு காலக்கெடுவுக்குள்தான். அரசாங்க மருத்துவமனை மீது வழக்குப் போட, தவறு நடந்ததிலிருந்து 36 மாதங்கள். தனியார் என்றால் பொதுவாக ஆறு ஆண்டுகள். மரணம் நேர்ந்து, அவரை நம்பியிருந்த குடும்பம் இழப்பீடு கேட்பதானால், இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள். நம் குடும்பங்கள் தடுமாறுவது இங்கேதான். முதல் வருடம் துக்கத்தில் போகிறது. இரண்டாவது வருடம் "போனது போகட்டும்" என்று பெரியவர்கள் அடக்குகிறார்கள். மூன்றாவது வருடம் யாரோ சொல்லி வழக்கறிஞரைத் தேடும்போது, கதவு மூடும் நேரமாகிவிடுகிறது. கெடு முடிந்தபின் எவ்வளவு பெரிய தவறாக இருந்தாலும் நீதிமன்றத்தில் அது எடுபடுவது கடினம்.

வழக்குப் போட வேண்டுமா என்பதைப் பிறகு நிதானமாக முடிவு செய்யலாம். வேண்டாம் என்றும் முடிவெடுக்கலாம். அது உங்கள் உரிமை. அந்த முடிவை நீங்கள் எடுக்க வேண்டும், நாட்காட்டி எடுக்கக் கூடாது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு சந்தேகம் இருந்தால், அறுவை நடந்த தேதியை இன்றே எழுதி வைத்து, இந்த மாதத்துக்குள் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.