உணவுக் குறிப்பேடு வேண்டும், எழுதியவள் வேண்டாமா?

உடற்பருமன் பற்றிய ஆராய்ச்சிகளில், கேள்வியை வகுக்கும் கட்டத்திலிருந்தே உடற்பருமனோடு வாழ்கிறவர்களுக்கும் இடம் வேண்டும் என்ற கோரிக்கையை மறுத்து, மூத்த மருத்துவர் ஒருவர் சென்ற இதழில் நீண்ட கட்டுரை எழுதியிருக்கிறார். அலங்காரங்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அதில் நான்கு வாதங்கள் தேறும். அனுபவம் அறிவியல் ஆகாது. பருமனானவர்கள் தாங்கள் சாப்பிடுவதைப் பற்றி உண்மை சொல்வதில்லை. அவர்களுடைய அமைப்புகளுக்குப் பின்னால் மருந்துக் கம்பெனிகள் நிற்கின்றன. அவர்களை மேசைக்கு அழைத்தால் பருமனைப் பற்றிய எச்சரிக்கை நீர்த்துப் போகும். ஒன்றை ஒன்று அடித்துச் சாய்க்கிற இந்த நான்கையும் ஒரே கட்டுரையில் அடுக்கத் துணிந்தவர், வாசகர்கள் முதல் பத்தியைப் படித்து முடித்ததும் மறந்துவிடுவார்கள் என்று எண்ணியிருக்க வேண்டும்.

அவருடைய கோபத்தின் ஊற்று இரண்டாவது வாதத்தில் இருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். 1992ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் லிச்ட்மனும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வை அவர் பிரம்மாஸ்திரமாக ஏவுகிறார். எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை இறங்கவில்லை என்று சொன்ன பத்துப் பேர், உண்டதை 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொன்னார்கள் என்று அந்த ஆய்வு காட்டியது. காட்டியது உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் அதே வகை அளவீடுகளை மற்றவர்களிடம் செய்து பார்த்தபோது ஒல்லியானவர்களும் குறைத்தே சொல்கிறார்கள், பருமனானவர்களிடம் அந்த இடைவெளி கூடுதல் என்பதும் தெரியவந்தது. அதை ஏன் அவர் எழுதவில்லை? தெரியாதென்றால் அந்தத் துறையைப் பற்றிப் பேச அவருக்குத் தகுதி போதாது. தெரிந்தும் மறைத்தாரென்றால், உண்மை சொல்லாதவர்கள் என்று பிறரைக் குற்றம்சாட்டும் தகுதி போதாது.

இதைவிடப் பெரிய விபரீதம் ஒன்று இருக்கிறது. உணவுக்கும் உடல்எடைக்கும் உள்ள உறவைச் சொல்லும் பெருவாரியான மக்கள்தொகை ஆய்வுகள் எதன்மேல் நிற்கின்றன? நேற்றுக் காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்ட படிவங்களின்மேல். வீட்டுக்குக் கொடுத்தனுப்பி வாரக் கடைசியில் திருப்பி வாங்கிக்கொண்ட உணவுக் குறிப்பேடுகளின்மேல். எந்தப் பெண்ணின் வாய்ச்சொல் ஆய்வுக் குழுவில் செல்லாக்காசு என்று அவர் தீர்ப்பு எழுதுகிறாரோ, அதே பெண் எத்தனை இட்லி என்று சொன்ன வாய்ச்சொல்தான் அவர் துறையின் அட்டவணைகளில் தசமப் புள்ளியோடு அமர்ந்திருக்கிறது. எண்ணாக மாற்றிவிட்டால் நம்பகம், ஆளாக வந்து உட்கார்ந்தால் பொய்யா? அந்தப் பெண் இரண்டு தோசையை மறைத்தாள் என்று கண்டுபிடிக்கத் துறைக்குத் தெரிந்தது. ஏன் மறைத்தாள் என்று கேட்கத் தெரியவில்லை. எதிரே உட்கார்ந்து படிவம் நிரப்புகிறவரின் புருவம் எந்த விடைக்கு ஏறும், எந்த விடைக்கு இறங்கும் என்பதைப் பள்ளிக்கூட நாளிலிருந்து படித்து வைத்திருப்பவள் அவள். கேள்வித்தாளை அவளைப் போன்ற ஒருத்தியோடு சேர்ந்து உட்கார்ந்து தயாரித்திருந்தால், அந்தத் தரவின் பிழை எங்கே பிறக்கிறது என்பதை அவள் முதல் நாளே சொல்லியிருப்பாள்.

எடை குறைத்தவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த இன்னொன்றும் உண்டு: குறைத்த பிறகு பசி முன்னைவிட மூர்க்கமாகிறது, கொஞ்சம் சாப்பிட்டாலும் பழைய எடை திரும்புகிறது. இதைச் சாக்கு என்று ஒதுக்கினார்கள். 2011ல் மெல்பர்ன் ஆய்வாளர் பிரியா சுமித்ரனின் குழு, எடை குறைத்தவர்களுக்கு ஓர் ஆண்டு கழித்தும் பசியோடு தொடர்புடைய ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று காட்டியது. 2016ல் கெவின் ஹாலின் குழு, அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைகுறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டு கழித்துச் சோதித்தது. அவர்களுடைய உடல் ஓய்வில் எரிக்கும் ஆற்றல், அந்த உடலளவுக்கு எதிர்பார்க்கப்படுவதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. பெரும்பாலோர் இழந்த எடையில் கணிசமானதை மீண்டும் பெற்றிருந்தார்கள். சாக்கு என்று சொல்லப்பட்டது உடலியங்கியல் என்று நிரூபணமாயிற்று. அனுபவஸ்தர்கள் ஆய்வகத்துக்குப் போட்டியாக எதையும் நிரூபிக்கவில்லை. ஆய்வகம் எதைச் சோதிக்க வேண்டும் என்பதை அவர்கள் முன்பே அறிந்திருந்தார்கள், கேட்கத்தான் ஆளில்லை.

அனுபவம் அறிவியல் ஆகாது என்ற முதல் வாதத்துக்கு இதிலேயே பாதி விடை வந்துவிட்டது. அனுபவத்தைப் புள்ளியியலுக்குப் பதிலாக வையுங்கள் என்று எவரும் கேட்கவில்லை. இல்லாத எதிரியை வைக்கோலில் கட்டி நிறுத்தி அவர் வெட்டியிருக்கிறார். எதை அளப்பது, எதை விடுவது என்ற முடிவு புள்ளியியலுக்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. அந்த முடிவில் யார் யார் பங்கேற்கிறார்கள் என்பதே கேள்வி. முடக்குவாத மருந்துகளை எதைக்கொண்டு மதிப்பிடுவது என்று தீர்மானிக்கும் ஓமெராக்ட் என்ற பன்னாட்டு அமைப்பு, 2002ல் ஆஸ்திரேலியாவில் நடந்த மாநாட்டுக்கு முதன்முறையாக நோயாளிகளை அழைத்தது. வலியையும் வீங்கிய மூட்டுகளையும் எண்ணிக்கொண்டிருந்த நிபுணர்களிடம் அவர்கள் சொன்னது, எங்களைப் படுக்கையில் தள்ளுவது களைப்பு, அதை ஏன் நீங்கள் அளப்பதே இல்லை என்று. 2006ல் முடக்குவாத ஆய்வுகளில் களைப்பையும் அளக்க வேண்டும் என்று அதே அமைப்பு ஏற்றுக்கொண்டது. இதனால் அறிவியல் கெட்டதா, தேறியதா?

உடற்பருமன் துறைக்கே வருவோம். பருமனான கையை உடைய எவரும் அறிந்த காட்சி இது. செவிலியர் பிபி பட்டையை என் மேற்கையில் சுற்றுகிறார். ஒட்டும் பகுதி விளிம்பில் மட்டுமே பற்றுகிறது. பம்பை அழுத்தியதும் பர்ரென்று பிரிகிறது. அவர் அதை இரண்டு உள்ளங்கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பவரைப் பம்பை அழுத்தச் சொல்கிறார். வருகிற எண் உயர் அழுத்தம் என்று குறிக்கப்படுகிறது, மாத்திரை எழுதப்படுகிறது. பெரிய பட்டை இருக்கிறதா என்று கேட்டால் எரிச்சல்தான் விடை. 2023ல் ஜாமா இன்டர்னல் மெடிசினில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் இதை முறையாக அளந்து வெளியிட்டார்கள்: மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்கு வழக்கமான பட்டையைச் சுற்றினால் மேல் அழுத்தம் ஏறத்தாழ 20 புள்ளி கூடுதலாகக் காட்டுகிறது. அகவயம் என்று கட்டுரையாளர் இகழ்கிற நோயாளி, பட்டை போதவில்லை என்று சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். புறவயம் என்று அவர் கும்பிடுகிற கருவி தவறான எண்ணைத் தந்துகொண்டிருந்தது.

அவர் வரிக்கு வரி நாடுகிற பிஎம்ஐ என்ற உடல் நிறைக் குறியீடு மட்டும் வானத்திலிருந்து விழுந்ததா? சராசரி மனிதனைத் தேடிய பெல்ஜியக் கணிதவியலாளர் கெட்லே 19ஆம் நூற்றாண்டில் வகுத்த விகிதம் அது. 1972ல் ஆன்செல் கீஸ் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். ஐரோப்பியக் கணக்கில் 25 வரை இயல்பு என்றால், நம் நாட்டு மருத்துவர்களே 23ஐத் தாண்டினால் மிகை எடை என்கிறார்கள். பிஎம்ஐயை மட்டும் வைத்து ஒருவரின் நோயைத் தீர்மானிக்கக் கூடாது என்று 2025 ஜனவரியில் லான்செட் ஆணையம் பரிந்துரைத்தது. 75க்கும் மேற்பட்ட அமைப்புகள் அதை ஏற்றன. அந்த ஆணையத்தில் உடற்பருமனோடு வாழ்கிறவர்களும் இருந்தார்கள். 2020ல் வெளிவந்த கனடாவின் சிகிச்சை வழிகாட்டி நெறிகளை வகுத்ததிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. பாமரர்களை அழைத்தால் தரம் தாழும் என்று அஞ்சுகிறவர், இந்த இரண்டில் எது தரம் தாழ்ந்தது என்று பெயர் சொல்லட்டும்.

பாமரர்களுக்குப் புள்ளியியல் புரியாது என்று இடையில் ஒரு வரி போகிற போக்கில் எழுதியிருக்கிறார். 1983ல் டென்வரில் எய்ட்ஸ் நோயாளிகள் தங்களைப் பற்றிய முடிவுகள் எல்லாவற்றிலும் தங்களுக்கு இடம் வேண்டும் என்று அறிக்கை வாசித்தபோதும் இதே வரிதான் சொல்லப்பட்டது. 1988ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தை முற்றுகையிட்ட இளைஞர்கள் நோய் எதிர்ப்பியலையும் ஆய்வு வடிவமைப்பையும் படித்துக் கரைத்துக் குடித்துவிட்டு வந்து, நிபுணர்களின் முகத்துக்கு நேரே கேள்வி கேட்டார்கள். இந்தியாவில் எச்ஐவியோடு வாழ்கிறவர்களின் கூட்டமைப்பு 1997ல் உருவான ஊர் சென்னை. இந்த வரலாறு நடந்த நகரத்தில் மருத்துவம் பார்க்கிற ஒருவர் இதை அறியாமல் இருப்பது எப்படி?

மூன்றாவது வாதம், மருந்துக் கம்பெனிகளின் பணம். நோயாளி அமைப்புகள் சிலவற்றுக்கு அந்தப் பணம் போகிறது என்பது மெய். அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும், அறிவிக்காதவர்களை விலக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் இந்தத் துறையின் பெரிய கறைகள் யார் கையில் இருக்கின்றன? சர்க்கரை ஆலைகளின் அமைப்பிடம் பணம் பெற்றுக்கொண்டு, இதய நோய்க்கான பழியைக் கொழுப்பின்மேல் சாய்த்து 1967ல் எழுதியவர்கள் ஹார்வர்டு ஆய்வாளர்கள். அந்தப் பணத்தைக் காட்டிக்கொடுத்த கடிதங்கள் 2016ல்தான் வெளிவந்தன. தின்பதைவிட உழைப்புதான் முக்கியம் என்று பிரச்சாரம் செய்யக் கோகோ கோலா பணத்தில் நடந்து, 2015ல் அம்பலப்பட்டுக் கலைந்த வலையமைப்பை நடத்தியவர்கள் பேராசிரியர்கள். எடைகுறைப்புப் பயிற்சிக்குப் பணம் கொடுத்த முறைக்காக 2023ல் பிரிட்டனின் மருந்து உற்பத்தியாளர் சங்கம் நோவோ நார்டிஸ்க்கை இரண்டு ஆண்டுகளுக்கு நீக்கி வைத்தபோது, அந்தப் பயிற்சி யாருக்காக நடந்தது? மருத்துவத் துறையினருக்காக. பணம் தொட்டவர்கள் மேசையில் உட்காரக் கூடாது என்பதே அளவுகோல் என்றால், முதலில் காலியாவது எந்த வரிசை நாற்காலிகள் என்று அவருக்குத் தெரியும்.

எச்சரிக்கை நீர்த்துப் போகும் என்ற கடைசி வாதத்துக்கு அவர் தந்திருக்கும் ஆதாரம் என்ன தெரியுமா? தன்னுடைய நீண்டகால மருத்துவ அனுபவம். கூசாமல் கண்டித்தால்தான் நோயாளிகள் இளைக்கிறார்கள் என்பதைத் தான் கண்கூடாகக் கண்டிருக்கிறாராம். அனுபவம் அறிவியல் ஆகாது என்று தொடங்கிய கட்டுரை, கட்டுரையாளரின் சொந்த அனுபவத்தில் வந்து முடிகிறது. நோயாளியின் அனுபவம் சஞ்சலம், மருத்துவரின் அனுபவம் சாட்சியம். இதற்குப் பெயர் அறிவியல் நோக்கு அல்ல, சாதிமனம். சரி, அவர் அனுபவத்தைத் தரவோடு ஒப்பிடுவோம். 2013ல் பிளாஸ் ஒன்னில் சுட்டினும் டெராச்சியானோவும் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், தொடக்கத்தில் உடற்பருமன் இல்லாதவர்களில் எடைக்காக இழிவுபடுத்தப்பட்டவர்கள், சில ஆண்டுகள் கழித்து உடற்பருமன் அடைந்திருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு. அவதானிப்பு ஆய்வுதான், காரணத்தை ஐயமற நிறுவிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கூற்றுக்கு எதிர்த்திசையில் நிற்கிறது. திட்டு வாங்கியவர்கள் இளைத்ததை அவர் கண்டார். திட்டு வாங்கிவிட்டு மறுமுறை வராமலே போனவர்களை அவர் எப்படிக் கண்டிருப்பார்?

இங்கேதான் இந்த எதிர்ப்பின் உள்நோக்கம் வெளிப்படுகிறது. எடைகுறைப்பு மருந்துகளின் பழைய சோதனைகளில் மூன்றில் ஒரு பங்கினரும் அதற்கு மேலும் பாதியில் விலகியிருக்கிறார்கள். மற்ற துறைகளில் இத்தனை பேர் விலகினால் ஆய்வு வடிவமைப்பைச் சந்தேகிப்பார்கள். இங்கே விலகியவரின் மன உறுதியைச் சந்தேகித்தார்கள். சிகிச்சை பலித்தால் மருத்துவரின் திறமை, பலிக்காவிட்டால் நோயாளியின் ஒழுங்கீனம் என்ற இந்த ஏற்பாட்டில் தோற்கவே முடியாத ஒரே ஆள் மருத்துவர். அந்த ஏற்பாட்டுக்கு வரும் ஆபத்து, விலகியவர்களில் ஒருத்தி எதிரே உட்கார்ந்து, ஏன் விலகினேன் என்று சொல்லத் தொடங்குவது. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் மிகை எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள். அவர்களில் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவர்கள் உண்டு. கடைத் தொழிலாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021ல் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டிய நிலையில்தான் அவர்கள் இருந்தார்கள். இரவு ஒன்பதரைக்கு வீங்கிய காலோடு வீடு திரும்பி உலை வைக்கிறவளிடம் தினமும் அரை மணி நேரம் வேகநடை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அவள் ஒத்துழைக்கவில்லை என்று ஏட்டில் குறிக்கிற ஆய்வு, எதை அளந்ததாகச் சொல்லிக்கொள்ளும்?

பங்கேற்பு என்ற பெயரில் நடக்கும் சடங்குகளை நானும் வெறுக்கிறேன். எல்லாம் முடிந்த பிறகு ஆங்கிலம் பேசத் தெரிந்த நகரத்து நோயாளி ஒருவரை அழைத்து, தேநீர் கொடுத்து, புகைப்படம் எடுத்து, கையெழுத்து வாங்குவதை ஒருகாலும் ஆதரிக்க மாட்டேன். 2019ன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள், நெறிமுறைக் குழுவில் துறை சாராத ஒருவர் இருக்க வேண்டும் என்கின்றன. அந்த நாற்காலியே பல இடங்களில் யாரை உட்கார வைத்தால் தொல்லை இல்லை என்று பார்த்து நிரப்பப்படுகிறது என்றால், அது கோரிக்கையின் குற்றமா, நிரப்புகிறவர்களின் குற்றமா?

ஆகவே கட்டுரையாளரிடம் நான் கேட்பது சுருக்கமானது. அவர் இதுவரை நடத்திய எடைகுறைப்பு ஆய்வுகளில் பாதியில் நின்றவர்களின் பட்டியல் அவருடைய அலமாரியில் இருக்கும். அவர்களில் எத்தனை பேரிடம் காரணம் கேட்கப்பட்டது என்பதை அடுத்த இதழில் எழுதட்டும். அடுத்த ஆய்வின் வரைவு எழுதப்படுவதற்கு முன்பே அவர்களில் மூன்று பேரை அழைத்து, பயணச் செலவும் ஒரு நாள் கூலியும் கொடுத்து, கைப்பிடி இல்லாத அகலமான நாற்காலிகளில் உட்கார வைத்து, அவர்கள் பேசுவதைக் குறுக்கிடாமல் எழுதிக்கொள்ளட்டும். அதன் பிறகும் அவர்களால் அறிவியலுக்குப் பயனில்லை என்று தோன்றினால், அந்தக் குறிப்புகளையும் சேர்த்தே அச்சுக்கு அனுப்பட்டும்.