வியாபாரிச் சோறு

சென்ற மாதம் ஓர் இலக்கியக் கூட்டத்தில் நண்பர் ஒருவர் சமணத் துறவிகளை ஒரே வாக்கியத்தில் தீர்த்துக்கட்டினார்: வியாபாரிகளின் சோற்றில் வளர்ந்து, வியாபாரிகளின் மனசாட்சிக்கு எண்ணெய் தடவியவர்கள். கைதட்டினார்கள். அந்தச் சோறு எப்படி வாங்கப்பட்டது என்று கைதட்டியவர்களில் ஒருவராவது யோசித்திருப்பாரா என்பது சந்தேகம். 'வர்க்கம்' என்ற சொல் கையில் கிடைத்ததும் விவரங்கள் அநாவசியமாகிவிடுவது நம்மிடையே பழைய வியாதி.

சோற்றைப் பற்றியே பேசுவோம். சுவேதாம்பரத் துறவி பிச்சை எடுப்பதற்குக் 'கோசரி' என்று பெயர். மாடு மேய்வதுபோல, வேரைப் பிடுங்காமல், வீட்டுக்கு வீடு கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது. தனக்கென்று சமைத்ததை வாங்கக் கூடாது. வாகனம் ஏறக் கூடாது. மழைக்காலத்து நான்கு மாதம் தவிர ஓரிடத்தில் நிலைத்துவிடக் கூடாது. இதை வெறும் ஒழுக்கப் பட்டியலாகப் படிப்பவர் பாதிதான் படிக்கிறார். எந்தச் சேட்டும் 'இவர் என் சாமியார்' என்று சொல்லிக்கொள்ள முடியாதபடி செய்துவைத்த ஏற்பாடு இது. கடன் ஒருவரிடம் சேராமல் ஊரெங்கும் சிதறிவிடுகிறது. விதி மீறப்பட்டதில்லையா என்றால், மீறப்பட்டிருக்கும். ஆனால் மீறுவதற்கு ஒரு விதியாவது இருந்தது.

1582இல் அக்பர் ஹீரவிஜய சூரியை அழைத்தார். குஜராத்தின் கந்தாரிலிருந்து ஃபதேபூர் சிக்ரிவரை அவர் நடந்தே போனார், சேர்ந்தபோது 1583. அரசு தர முன்வந்த வாகனங்களை ஏற்கவில்லை. அவர் கேட்டு வாங்கியது பர்யூஷண நாட்களில் உயிர்க்கொலைக்குத் தடை. சமண யாத்திரிகர்கள்மீதான வரிச் சலுகைகளும் பின்னால் வந்தன. அதில் வியாபாரிகளுக்கு ஆதாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஆதாயம் பெற்றவர்தான் எஜமானர் என்பது எந்தத் தர்க்கம்?

ஜஹாங்கீர் அவையில் இருந்த சித்திசந்திரர் கதை இன்னும் கூர்மையானது. இளைஞர், அழகர், பாரசீகம் கற்றவர். துறவை விட்டுக் கல்யாணம் செய்துகொள் என்று சக்கரவர்த்தியே வற்புறுத்தினார். முடியாது என்றார் சித்திசந்திரர். அவையை விட்டுத் துரத்தப்பட்டார். எண்ணெய் தடவுகிறவன் செய்கிற காரியமா இது?

நண்பர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. 1970இல் சித்ரபானு ஜெனீவாவுக்குப் போனார். 1975இல் சுசீல்குமார் அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார். 1980இல் ஆசார்ய துளசி, வாகனத்தில் போகலாம் என்ற சலுகையோடு 'சமண்' என்று ஒரு நடுப்படியையே உண்டாக்கினார். கடல் தாண்டிக் குடியேறிய சமணர்களுக்கு அறம் சொல்ல யாராவது போகத்தான் வேண்டும். நான் கேலி செய்யவில்லை. ஆனால் கால் ஓசியில் நடக்கும், விமானம் பறக்காது. டிக்கெட்டை யாராவது வாங்கித் தரவேண்டும். கோசரி சிதறடித்த கடன் அங்கே மறுபடி ஒரு பெயரில் குவிகிறது. துறவியின் சுதந்திரம் அவர் காலில் இருந்ததா, கொள்கையில் இருந்ததா? இதைக் கேட்டிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன்.

கேட்கவில்லை. கேட்டால் அது துறவிகளோடு நின்றுவிடாது என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். கூட்டம் நடந்த மண்டபத்தின் வாடகையும் மதியச் சாப்பாடும் ஒரு நகைக்கடை உபயம். மேடைக்குப் பின்னால் எங்கள் தலைகளைவிடப் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. எழுத்தாளர்களுக்கென்றே சமைத்த சாப்பாடு. நண்பர் பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

நானும் வாங்கினேன்.