முகப்புப் பாடலும் முன்கதைச் சுருக்கமும்

பணி ஓய்வுக்குப் பிறகு நான் வசிக்கும் பூண்டி, கொடைக்கானலின் மேல்மலைக் கிராமங்களுள் ஒன்று. சென்ற வாரம் பக்கத்து வீட்டுத் திண்ணையில் பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்த மூதாட்டி, உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தபோதே, "நாடகம் போட்டுட்டாங்களா?" என்று பேத்தியிடம் கேட்டார். இருபது ஆண்டுகளுக்கு முன் இக்கேள்விக்குத் தேவை இருந்திருக்காது. முகப்புப் பாடலே தெரு முழுவதற்கும் அறிவித்துவிடும்.

உழவர்களின் வரவு செலவைக் கணக்கெடுக்க அக்காலத்தில் மாணவர்களுடன் இவ்வூருக்கு வந்திருக்கிறேன். கேபிள் இணைப்புள்ள வீடுகள் சிலவே. பாடல் கேட்டதும் பெண்கள் கைவேலையை முடித்து அவ்வீடுகளை நோக்கி நடப்பார்கள். பாடல் முடிவதற்குள் போய் அமர்ந்துவிடலாம். கட்டணமின்றி யாரும் கேட்கலாம், ஒருவர் கேட்பதால் மற்றவருக்குக் குறையாது. பொதுப்பண்டத்துக்கு வகுப்பறையில் நான் சொல்லிவந்த கலங்கரை விளக்கத்தைவிட இது நல்ல எடுத்துக்காட்டு.

தூர்தர்ஷன் மட்டுமே இருந்த எண்பதுகளில் 'மால்குடி டேஸ்' தொடருக்கு எல்.வைத்தியநாதன் அமைத்த முகப்பு இசையை இன்றும் பலர் முணுமுணுக்கிறார்கள். 1999-இல் சன் தொலைக்காட்சியில் 'சித்தி' வந்தது. வைரமுத்து எழுத, தினா இசையமைக்க, நித்யஸ்ரீ மகாதேவன் பாடிய அதன் முகப்புப் பாடல், திரைப்பாடலுக்கு நிகராகப் பரவியது. 2002-இல் தொடங்கிய 'மெட்டி ஒலி'க்கும் தினாவே இசை. கர்நாடக இசை மேடையின் குரல் ஒவ்வோர் இரவும் கூலித் தொழிலாளியின் வீட்டில் ஒலித்தது சிறிய செய்தியன்று.

இதற்குப் பின்னே கணக்கும் இருந்தது. அன்று தயாரிப்பாளர்கள் பலர் தொலைக்காட்சியிடம் நேரத்தை விலைக்கு வாங்கி, விளம்பரங்களைத் தாமே விற்றார்கள். இரண்டு நிமிடப் பாடலுக்கு ஒருமுறைதான் செலவு. மாதம் 20 நாள் ஒளிபரப்பினால் 40 நிமிடம், அதாவது ஏறக்குறைய இரண்டு அத்தியாயங்களுக்கான படப்பிடிப்பு மிச்சம். அமெரிக்க வானொலித் தொடர்களுக்குச் சோப்பு நிறுவனங்கள் பணம் கொடுத்த காலத்தில், இசைக்குழுவுக்குப் பதில் ஒரே ஓர் ஆர்கன் கலைஞரை அமர்த்தியதும் இதே சிக்கனந்தான்.

இன்று பல தொடர்களில் முகப்புப் பாடல் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. பார்வையாளர் எண்ணிக்கையை நிமிடக் கணக்கில் அளக்கும் காலத்தில், பாடல் ஒலிக்கையில் கை ரிமோட்டைத் தேடிவிடும் என்று தொலைக்காட்சிகள் அஞ்சுகின்றன. இணையத் தளங்களோ முகப்பைத் தாண்டிச் செல்லப் பொத்தானே வைத்துவிட்டன. அச்சம் நியாயமானதே.

ஆனால் நேரமில்லை என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்பது விதி. எனவே அரை மணித் தொடருக்கு 24 நிமிடம் நிரப்பியாக வேண்டும். பாடல் விட்டுச்சென்ற இடத்தை நேற்றைய காட்சிகளின் சுருக்கமும், ஒரே முகத்தை மும்முறை காட்டி எழுப்பும் இடியோசையும் பிடித்துக்கொண்டன. இவையும் மிச்சம் பிடிக்கும் வழிகளே. வேறுபாடு என்னவென்றால், பாடல் ஒரு கவிஞருக்கும் பாடகருக்கும் வாத்தியக்காரர்களுக்கும் வேலை கொடுத்தது. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமத்தொகையில் பங்கை உறுதிசெய்திருக்கிறது. பங்கு கேட்கும் உரிமை கைக்கு வந்த பின்னர், பங்கிடப் பாடலே குறைந்துவருகிறது.

எல்லா நாளும் வேண்டாம். திங்கட்கிழமை மட்டுமாவது முன்கதைச் சுருக்கத்தை விட்டுவிட்டு, முழுப் பாடலையும், எழுதியவர், பாடியவர் பெயர்களோடு ஒளிபரப்பலாம். தயாரிப்பாளருக்கு இதனால் ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லை.