ஆட்டம் தோற்றதா, இணைப்பு தோற்றதா?

2020-ம் ஆண்டு ஆகஸ்டு 30-ந் தேதி. இன்டர்நெட் மூலம் நடந்த செஸ் ஒலிம்பியாட்டின் இறுதிப் போட்டி. இந்தியாவும் ரஷியாவும் மோதின.

வீரர்கள் ஒரே மண்டபத்தில் கூடவில்லை. அவரவர் இடத்தில், கம்ப்யூட்டர் முன் அமர்ந்து ஆடினார்கள்.

நிஹால் சரினுக்கு அப்போது வயது 16. திவ்யா தேஷ்முக்குக்கு 14. இருவரும் ஆடிக்கொண்டிருந்தபோது திடீரென்று இன்டர்நெட் தொடர்பு அறுந்தது!

காயை நகர்த்த முடியவில்லை. கடிகாரம் மட்டும் ஓடியது. நேரம் தீர்ந்தது. இருவரும் தோற்றார்கள் என்று முடிவு வந்தது.

இந்தியா முறையிட்டது. அன்று உலகின் பல பகுதிகளில் இன்டர்நெட் கோளாறு ஏற்பட்டிருந்தது தெரிய வந்தது. சர்வதேச செஸ் சம்மேளனம் இரு நாடுகளுக்குமே தங்கப் பதக்கம் அளித்தது.

அது உலகப் போட்டி. முறையிட இடம் இருந்தது. புதுச்சேரி கோரிமேட்டில், வீட்டில் இருந்து செல்போனில் ஆடும் ஒரு பையன் யாரிடம் போய் முறையிடுவான்?

போய் வரும் நேரம்

பலர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தை நடத்துவது 'சர்வர்' என்னும் பெரிய கம்ப்யூட்டர். அதுதான் நடுவர். பல ஆட்டங்களுக்கு அது மும்பையில் இருக்கிறது. சிலவற்றுக்கு சிங்கப்பூரில் இருக்கிறது.

கோரிமேட்டுப் பையன் பொத்தானை அழுத்துகிறான். செய்தி மும்பைக்குப் போகிறது. நடுவர் பார்த்து, முடிவைத் திருப்பி அனுப்புகிறார். இப்படிப் போய் வரும் நேரத்துக்கு 'பிங்' என்று பெயர். இதை மில்லி செகண்டில் கணக்கிடுகிறார்கள். ஒரு செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்லி செகண்டு.

கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு செகண்டில் சுமார் 2 லட்சம் கிலோ மீட்டர் ஓடும். கோரிமேட்டில் இருந்து மும்பை நேர்கோட்டில் சுமார் 1,100 கிலோ மீட்டர். போய் வர 11 மில்லி செகண்டு போதும். கண் இமைக்கவே 100 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும்!

ஆனால் கம்பி நேர்கோட்டில் போவதில்லை. பல ஊர்களைச் சுற்றிப் போகிறது. வழியில் பல கருவிகளைக் கடக்கிறது. அதனால் நேரம் கூடுகிறது. வீட்டு இணைப்பும் மோசமாக இருந்தால் 200, 300 மில்லி செகண்டு ஆகிவிடும்.

எதிராளிக்கு 30, இவனுக்கு 300 என்றால் என்ன ஆகும்? இருவரும் ஒரே நேரத்தில் அழுத்தினாலும் எதிராளியின் செய்தியே முதலில் போய்ச் சேரும். இவன் குறி தவறவில்லை. செய்திதான் தாமதம். ஆனாலும் தோற்றவன் இவனே!

அகலமா, தாமதமா?

"100 எம்.பி. வேகம்" என்று விளம்பரம் செய்கிறார்கள். அது சாலையின் அகலத்தைப் போன்றது. எவ்வளவு சரக்கு போகலாம் என்பதைத்தான் சொல்லும். எவ்வளவு சீக்கிரம் போகும் என்பதைச் சொல்லாது.

கோரிமேட்டுக்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். திண்டிவனம் சாலையில் ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்சு வருகிறது. அது சிறிய வண்டி. அதற்கு அகலமான சாலை தேவை இல்லை. வழி விட்டால் போதும். முன்னே பஸ்களும் லாரிகளும் அடைத்து நின்றால் என்ன செய்யும்?

ஆட்டத்தின் செய்தியும் அப்படித்தான். மிகச் சிறியது. ஆனால் அக்காள் ஆன்லைன் வகுப்பில் இருக்கிறாள். அப்பா சினிமா பார்க்கிறார். ஒரே இணைப்பு. சிறிய செய்தி வரிசையில் காத்து நிற்கிறது. இந்த நெரிசலைத் தீர்க்கத்தான் அகலமான, வேகமான இணைப்பு தேவைப்படுகிறது.

விளையாட்டுக்கு இவ்வளவா?

"படிக்கிற பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு?" என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆட்டத்துக்கு நேரக் கட்டுப்பாடு வேண்டியதுதான். பணம் கட்டி ஆடும் ஆட்டம் கூடவே கூடாது. அதைத் தடுக்க 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. அதே சட்டம் 'இ-ஸ்போர்ட்ஸ்' என்னும் திறமைப் போட்டியை விளையாட்டாக ஏற்கிறது. 2023-ல் சீனாவின் ஹாங்சோவ் நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் அதற்குப் பதக்கமே வழங்கினார்கள்.

2022 பிப்ரவரியில் சென்னையைச் சேர்ந்த பிரக்ஞானந்தா, 16 வயதில், ஆன்லைன் போட்டியில் உலக செஸ் சாம்பியன் கார்ல்சனைத் தோற்கடித்தார். திறமை அவருடையது. ஆனால் இடையில் தொடர்பு அறுந்திருந்தால்?

தவிர, ஆட்டத்துக்குத் தாமதமாகும் இணைப்பு எல்லாவற்றுக்கும் தாமதமாகும். டாக்டரிடம் வீடியோவில் பேசும் பாட்டிக்கும், வேலைக்கு நேர்முகத் தேர்வு தரும் பட்டதாரிக்கும் அதே கம்பிதான். ஆட்டம் அந்தக் கம்பியின் நோயை முதலில் காட்டிக் கொடுக்கிறது. அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது

இணைப்பு வாங்கும்போது "எத்தனை எம்.பி.?" என்று மட்டும் கேட்கக் கூடாது. "பிங் எவ்வளவு? மாலை நேரத்தில் எவ்வளவு?" என்றும் கேட்க வேண்டும். 'ரவுட்டர்' பெட்டியைப் பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைக்கக் கூடாது. வீட்டின் நடுவில் வைக்க வேண்டும். கம்ப்யூட்டரில் ஆடினால் வை-பையை விடக் கம்பி இணைப்பே நல்லது.

கம்பெனிகளுக்கும் பொறுப்பு உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான 'டிராய்' 2024-ல் வெளியிட்ட தர விதிகளில் தாமதத்துக்கும் அளவு வகுத்திருக்கிறது. அந்த அளவைக் கம்பெனிகள் விளம்பரத்திலேயே, வேகத்துக்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில் போட வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் மாலை நேரத்தில் உண்மையாகக் கிடைப்பது எவ்வளவு என்றும் சொல்ல வேண்டும்.

வெற்றியும் தோல்வியும் விளையாட்டில் சகஜம். திறமை குறைந்து தோற்றால் பிள்ளை அடுத்த முறை நன்றாக ஆடக் கற்றுக்கொள்வான். கம்பியால் தோற்றால் எதைக் கற்றுக்கொள்வான்?